இலையின் அடிப்பக்கம் எட்டும் தெளிப்பான்: எட்டு மாத அனுபவம்

பூச்செடிகளில் பூச்சி விழுந்துவிட்டது, என்ன மருந்து அடிக்கலாம் என்று யார் கேட்டாலும் இப்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதைக் கொண்டு அடிக்கிறீர்கள்? இந்தக் கேள்வியை நானே எனக்குக் கேட்டுக்கொள்ளாததால் ஒரு பருவத்து ரோஜா முழுவதையும் இழந்தேன். அதனால்தான் ஒரு சாதாரணக் கைத்தெளிப்பானைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என்னிடம் பதினான்கு ரோஜாத் தொட்டிகள், மூன்று செம்பருத்தி, இரண்டு மல்லிகை, ஒரு சிறிய சாமந்திப் பாத்தி இருக்கின்றன. இரண்டு லிட்டர் கொள்ளளவுள்ள இந்த அழுத்தத் தெளிப்பானை எட்டு மாதங்களாக வாரத்துக்கு ஒருமுறையாவது கையில் எடுத்திருக்கிறேன். அதற்கு முன்னால் நான் வைத்திருந்தது விரலால் விசையை அழுத்தி அடிக்கும் சின்னப் பாட்டில். வேப்பெண்ணெய்க் கரைசலை அதில் ஊற்றி மூன்று வாரம் விடாமல் அடித்தேன். இலைகளின் மேற்புறம் பளபளவென்று மின்னியது. துளிர்கள் மட்டும் சுருண்டுகொண்டே போயின. மொட்டுக் காம்புகளில் எறும்புகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. மருந்தில்தான் கோளாறு என்று வேறொரு புட்டி வாங்கினேன். அதையும் அதே பாட்டிலில்தான் ஊற்றி அடித்தேன்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் அம்மா. எண்பத்தொரு வயது. குனிய முடியாது என்பதால் தொட்டிகளுக்கு நடுவே ஒரு தாழ்வான முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நான் நின்றுகொண்டு மேலிருந்து பார்க்கும் இலையை அவர் கீழிருந்து பார்க்கிறார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “நீ மேலே குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாய், அது கீழே குடியிருக்கிறது” என்று சொல்லி ஒரு இலையைத் திருப்பிக் காட்டினார். நடு நரம்பின் இரண்டு பக்கமும் செடியின் சாற்றை உறிஞ்சும் பச்சை நிறச் சிறு பூச்சிகளான அசுவினிகள் நெருக்கமாக ஒட்டியிருந்தன. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தேன். ஒன்றின் பின்பக்கத்திலிருந்து இன்னொன்று கால்களை உதறிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. அசுவினி கதகதப்பான நாட்களில் முட்டையிட்டுக் காத்திருப்பதில்லை. ஆண் துணையும் வேண்டாம். நேரே குட்டி போடும். அந்தக் குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தானும் குட்டி போடத் தொடங்கிவிடும். மூன்று வாரம் நான் இலையின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கீழே இரண்டு தலைமுறை வளர்ந்துவிட்டிருக்கிறது.

அதன் பிறகுதான் இந்தத் தெளிப்பானை வாங்கினேன். தடித்த பிளாஸ்டிக் உடல். மேலே கைப்பிடியோடு சேர்ந்த பம்ப். கட்டை விரலால் அழுத்தும் பொத்தான். முன்னால் பித்தளை முனை. முனையைத் திருகினால் பனிமூட்டம் போன்ற தூவலிலிருந்து நேர்க்கோடாகப் பாயும் பீச்சு வரை மாற்றிக்கொள்ளலாம். இதெல்லாம் பல தெளிப்பான்களில் உண்டு. இதை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் முனையைத் தாங்கும் கழுத்து. அது ஒரு முழங்கை போல வளைகிறது. முனை வானத்தைப் பார்க்கும்படி நிறுத்தலாம். தெளிப்பானை இலைக்குக் கீழே நீட்டி மேல்நோக்கி அடிக்கலாம், அவ்வளவுதான். எனக்கு வேண்டியிருந்தது அந்த அவ்வளவுதான்.

இரண்டு லிட்டர் என்று எழுதியிருந்தாலும் ஒன்றரை லிட்டருக்கு மேல் ஊற்றாதீர்கள். காற்றுக்கு இடம் வேண்டும். முழுக்க நிரப்பினால் பத்து வினாடியில் அழுத்தம் போய்விடுகிறது. ஒன்றரை லிட்டர் ஊற்றி இருபத்தைந்து முறை பம்ப் செய்தால் நான்கு தொட்டிகளுக்குத் தடையில்லாமல் வருகிறது. விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கு இது பெரிய நிம்மதி. பழைய பாட்டிலில் ஒரு செடியை முழுதாக நனைக்க நூறு முறை விசையை அழுத்த வேண்டியிருந்தது. பாதியிலேயே விரல் ஓய்ந்து, மீதிச் செடிக்கு ஒப்புக்கு இரண்டு தெளிப்பு விழும்.

முதல் நாள் எந்த மருந்தும் ஊற்றவில்லை. வெறும் தண்ணீர். முனையைப் பீச்சுக்கும் தூவலுக்கும் நடுவில் வைத்து, துளிரை இடது கையால் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டு, கீழிருந்து மேலாக அடித்தேன். அசுவினிகள் கொத்துக் கொத்தாகக் கழன்று விழுந்தன. வாயில் இருக்கும் ஊசியைச் செடியின் சாற்றுக் குழாயில் குத்தி வைத்துக்கொண்டுதான் அது உட்கார்ந்திருக்கிறது. பிடுங்கி எறியப்பட்டால் மெல்லிய உடலோடு மறுபடி தண்டேறி வருவது பெரும்பாலானவற்றுக்கு முடிவதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், நான்கு முறை. ஐந்தாவது முறை போனபோது எறும்புகளின் நடமாட்டமே குறைந்திருந்தது. அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காகத்தான் எறும்பு வருகிறது. வருகிற எறும்பு பொறிவண்டுகளை அண்டவிடாமல் அசுவினியைக் காவல் காக்கிறது. எறும்பு ஏறும் செடியைக் கண்டால் இலையைத் திருப்பிப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

தண்ணீருக்கு அடங்காத இடங்களில் சோப்புக் கரைசல். இங்கேதான் தெளிப்பானின் அருமை முழுதாகப் புரிந்தது. பொட்டாசியம் சோப்பு நஞ்சாக ஊடுருவிக் கொல்வதில்லை. பூச்சியின் மேல்தோலையும் உயிரணுச் சவ்வையும் குலைத்து உலர்த்திவிடுகிறது. ஈரமாக இருக்கும்வரைதான் வேலை செய்யும். காய்ந்த பிறகு அதன்மேல் நடந்து வரும் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது. நனைந்தது சாகும், நனையாதது பிழைக்கும். இப்படிப்பட்ட மருந்தை மேற்புறம் மட்டும் அடிப்பதும் அடிக்காமல் இருப்பதும் ஒன்றுதான். நான் லிட்டருக்கு 10 மில்லி திரவ பொட்டாசியம் சோப்பு கலக்கிறேன். உப்புத் தண்ணீரில் கலந்தால் திரிந்து வெள்ளையாக மிதக்கும்; அது வேலையும் செய்யாது, முனையையும் அடைக்கும். மழைத் தண்ணீர் இருந்தால் அதுவே போதும்.

ஒரு எச்சரிக்கை. ஒருமுறை சோப்பு தீர்ந்துபோய், துணி துவைக்கும் டிடர்ஜென்ட் தூளைக் கரைத்து அடித்துவிட்டேன். மறுநாள் சாமந்தியின் இலை ஓரங்கள் தீய்ந்து பழுப்பாகிவிட்டன. பெயரில் ஒன்றாகத் தோன்றினாலும் டிடர்ஜென்ட் வேறு, சோப்பு வேறு. நல்ல சோப்பைக்கூட முதலில் ஒரே ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் போகிறேன். வெயில் ஏறிய நேரத்திலும் தண்ணீரில்லாமல் வாடியிருக்கும் செடியிலும் அடிப்பதில்லை.

வேப்பெண்ணெயைப் பற்றி நிறையப் பேர் ஏமாற்றத்தோடு பேசுகிறார்கள். அடித்த மறுநாள் பூச்சி உயிரோடு இருக்கிறது என்பது அவர்கள் குறை. அதிலுள்ள அசாடிராக்டின் உடனே கொல்லும் பொருள் இல்லை. பூச்சியின் பசியை மங்கச் செய்கிறது. இளம் பூச்சி தோலுரித்து வளரத் தேவையான ஹார்மோன் ஒழுங்கைக் கெடுக்கிறது. அடுத்த தோலுரிப்பில் அது சிக்கிக்கொள்ளும்வரை நாம் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நுட்பமான பொருள் என்றால், 1968-இல் வேப்ப விதையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அந்த மூலக்கூறை ஆய்வுக்கூடத்தில் முழுதாகச் செய்து முடிக்க 2007 வரை ஆயிற்று. அதைச் செய்து முடித்த வேதியியலாளர்கள் அதற்காக 22 ஆண்டுகள் உழைத்தார்கள். மரம் சும்மா செய்து தருவதை வாங்கி, நாம் அதை வெயிலில் அடித்து வீணாக்குகிறோம். சூரிய ஒளியில் அது விரைவாகச் சிதைந்துவிடும். நான் மாலையில், வெயில் சாய்ந்த பிறகு மட்டுமே அடிக்கிறேன். ஏழு நாளுக்கு ஒருமுறை, மூன்று முறை. கலந்த கரைசலை மறுநாளுக்கு எடுத்து வைப்பதில்லை.

இந்தத் தெளிப்பானில் வேப்பெண்ணெய் பயன்படுத்துவது கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. எண்ணெயும் தண்ணீரும் தானாகக் கலக்காது. முதலில் ஒரு கிண்ணத்தில் 5 மில்லி எண்ணெயும் 2 மில்லி சோப்பும் ஊற்றிக் குழைத்து, வெதுவெதுப்பான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால் பால் போல வெளுக்கும். அந்தப் பாலை ஒரு லிட்டர் தண்ணீரில் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு நேராகத் தெளிப்பானுக்குள் எண்ணெயை ஊற்றினால் அது மேலே போய் மிதக்கிறது; உறிஞ்சு குழாய் அடியில் இருப்பதால் முதலில் வெறும் தண்ணீர் வருகிறது, கடைசிச் செடிக்கு எண்ணெயாகவே வந்து இலையைக் கருக்குகிறது. குளிர் நாளில் எண்ணெய் உறைந்து முனையிலும் அடைத்துக்கொள்ளும். அடிக்கும்போது இடையிடையே தெளிப்பானைக் குலுக்கிக்கொண்டே இருங்கள்.

என் தோட்டத்தில் இந்தத் தெளிப்பான் தன் விலையை ஈட்டியது செஞ்சிலந்தி விஷயத்தில். இது பூச்சி இனமே கிடையாது, எட்டுக் கால், சிலந்திக்கு உறவு. கண்ணுக்குத் தூசி போலத்தான் தெரியும். இலையின் மேற்புறத்தில் ஊசியால் குத்தியது போன்ற வெளிறிய புள்ளிகள், அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படை. வெயிலும் வறட்சியும் சேர்ந்தால் ஒரே வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். முன்பு ஒரு கோடையில், எல்லாப் பூச்சிகளையும் ஒருசேரக் கொல்லும் வீரியமான மருந்தை அடித்த பிறகு என் ரோஜாக்களில் செஞ்சிலந்தி முன்னைவிடப் பெருகியது. அப்போது புரியவில்லை. செஞ்சிலந்தியைத் தின்று வாழும் சிற்றுயிர்களை அந்த மருந்து முதலில் தீர்த்துவிட்டது. இந்த முறை மருந்தே எடுக்கவில்லை. காலை வேளையில் மூன்று நாளுக்கு ஒருமுறை இலைகளின் அடிப்புறத்தில் மட்டும் தண்ணீரை வலுவாகப் பீச்சினேன். நூலாம்படை அறுந்து போயிற்று. இரண்டு வாரம் கழித்து வந்த புதிய இலைகளில் ஒரு புள்ளிகூட இல்லை. அம்மா முக்காலியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்த்துவிட்டு, தலையை மட்டும் ஆட்டினார். அவரிடமிருந்து அது பெரிய சான்றிதழ்.

இது எல்லாவற்றுக்கும் உதவும் என்று சொல்ல மாட்டேன். செம்பருத்தியின் மாவுப்பூச்சியிடம் இது தோற்றது. உடலைச் சுற்றி மெழுகுப் போர்வை. கரைசல் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடுகிறது. கிளைக் கவட்டிலும் மொட்டின் அடியிலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்திருப்பதால் வெளியே இருப்பது நனைந்தாலும் உள்ளே இருப்பது நனைவதில்லை. அதற்கு நான் கண்ட ஒரே நல்ல வழி, சின்ன தூரிகையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்து ஒவ்வொரு கவட்டிலும் தொட்டு வைப்பது. வெள்ளை கரைந்து உள்ளிருக்கும் ஆரஞ்சு நிற உடல் தெரியும். ஒரு செடிக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. மிக மோசமான கிளைகளை வெட்டி, பைக்குள் போட்டு முடிச்சிட்டு அப்புறப்படுத்தினேன். இதைச் செய்த பிறகு, மிச்சமிருந்த இளம் பூச்சிகளுக்குத்தான் தெளிப்பான் உதவியது. பிறந்த புதிதில் அவற்றின் மேல் மெழுகு கிடையாது.

இலைப்பேனும் அப்படித்தான். அது ரோஜா மொட்டின் இதழ் மடிப்புக்குள் இருந்துகொண்டு சுரண்டுகிறது. பூ விரியும்போதே ஓரம் கருகி விரிகிறது. வெளிர் நிற ரோஜாக்களில் அந்தத் தழும்பு இன்னும் அப்பட்டமாகத் தெரியும். பாதி விரிந்த பூவை வெள்ளைத்தாளின் மேல் தட்டிப் பாருங்கள். கீற்றுக் கீற்றாக ஓடினால் இலைப்பேன். எந்தத் தெளிப்பானும் இறுகிய மொட்டுக்குள் போகாது. கருகிய பூக்களைப் பறித்து அகற்றுவது, நீல அல்லது மஞ்சள் ஒட்டு அட்டையைத் தொங்கவிடுவது, தொட்டி மண்ணின் மேற்பரப்பைக் கிளறிவிடுவது ஆகியவைதான் எனக்குக் கை கொடுத்தன. பல வகை இலைப்பேன்கள் கூட்டுப்புழுப் பருவத்தை மண்ணில்தான் கழிக்கின்றன. மல்லிகையின் மொட்டுப்புழுவுக்கும் கைதான். துளை விழுந்த மொட்டைக் கண்டவுடன் கிள்ளி எடுப்பேன்.

தெளிக்காமல் விட வேண்டிய இடத்தை அறிவதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான். ஐந்தாவது மாதத்தில் ஒரு ரோஜாக் கிளையின் அடியில், அசுவினிகளுக்கு நடுவே சில உடல்கள் மட்டும் உருண்டையாகப் புடைத்து, வெளிர் பழுப்பாக, காகிதம் போல உலர்ந்து ஒட்டியிருந்தன. லென்ஸில் பார்த்தபோது ஒன்றின் பின்புறத்தில் வட்டமாக ஒரு துளை. வெட்டியெடுத்த மூடி இன்னும் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அசுவினிக்குள் முட்டையிடும் மிகச் சிறிய குளவி ஒன்று உள்ளேயே வளர்ந்து, அந்த மூடியைத் திறந்துகொண்டு பறந்து போயிருக்கிறது. நான் அன்று தெளிப்பானைத் தூக்கவே இல்லை. பத்து நாளில் அந்தக் கிளையில் உயிருள்ள அசுவினியைத் தேட வேண்டியிருந்தது. இன்னொரு தொட்டியில் கரும்சாம்பல் உடலில் ஆரஞ்சுப் பொட்டுகளோடு ஊர்ந்த புழுவை ஒருகாலத்தில் நான் நசுக்கியிருப்பேன். அது பொறிவண்டின் இளம்பருவம். இப்போது எதையும் லென்ஸில் பார்த்து இன்னதென்று தெரிந்துகொள்ளாமல் விரல் வைப்பதில்லை.

மேல்நோக்கி அடிக்க முடிகிற முனையால் இதிலும் ஒரு நன்மை. குறிப்பிட்ட துளிரை மட்டும் நனைத்துவிட்டு அடுத்த கிளையைத் தொடாமல் விட முடிகிறது. விரிந்த பூவின் மேல் சோப்போ எண்ணெயோ அடிப்பதில்லை என்பதை நான் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறேன். பூவுக்கு வரும் தேனீயையும் சோப்பு நனைத்தால் அதே வேலையைத்தான் செய்யும். மாலையில் தேனீக்கள் திரும்பிப் போன பிறகு அடிப்பதற்கு இது இன்னொரு காரணம். இயற்கை மருந்து என்று எழுதியிருப்பதால் யாருக்கும் கேடில்லை என்று நினைத்துவிடக் கூடாது. மேல்நோக்கி அடிக்கும்போது தூவல் நம் முகத்தில்தான் இறங்கும். கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். காற்றுக்கு எதிரே நிற்காதீர்கள்.

இனி குறைகள். உடலில் அச்சடித்திருந்த மில்லி அளவுக் கோடுகள் மூன்றாவது மாதத்திலேயே அழிந்துவிட்டன. அழியாத மையால் நானே கோடு போட்டிருக்கிறேன். அழுத்தத்தை வெளியேற்றும் சிறு வால்வு பம்புக்கு மிக அருகில் இருக்கிறது. ஈரக் கையால் இழுக்க முடியவில்லை. அதை இழுத்துக் காற்றை விடாமல் மூடியைத் திறந்தால் கரைசல் முகத்தில் அடிக்கும் என்பதால் இது சின்னக் குறை இல்லை. முனையில் வடிகட்டி கிடையாது. ஊற்றும்போது நான் மெல்லிய துணியில் வடிகட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, அதை முனை வழியாகவே அடித்து வெளியேற்றி, பிறகு வெறும் தண்ணீரால் ஒருமுறை அடித்து, மூடியைக் கழற்றித் தலைகீழாக உலர்த்துகிறேன். இதைத் தவறவிட்ட இரண்டு முறையும் முனை அடைத்தது. களைக்கொல்லி எதையும் இதற்குள் ஊற்றவே கூடாது. கழுவினாலும் மிச்சமிருக்கும் துளி போதும், பூச்செடி கருகிவிடும்.

பெரிய குறை பம்பின் ரப்பர் வளையம். ஆறாவது மாதத்தில் அது இறுகிப்போய், எத்தனை முறை பம்ப் செய்தாலும் அழுத்தம் நிற்கவில்லை. தயாரிப்பாளருக்கு எழுதினேன். வளையம் தனியாக விற்பதில்லை, புதிய தெளிப்பான் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. ஒரு விரல் மோதிரம் அளவு ரப்பருக்காக நல்ல நிலையில் உள்ள ஒரு பொருளைத் தூக்கி எறியச் சொல்வது எனக்கு மனம் ஒப்பாத காரியம். பழைய வளையத்தைக் கையோடு கொண்டுபோய், குழாய்ச் சாமான்கள் விற்கும் இடத்தில் அதே அளவில் மூன்று வளையங்கள் வாங்கினேன். மாற்றுவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வளையத்தின் மேல் சிலிக்கான் கிரீஸை மெலிதாகத் தடவினால் பம்ப் வழுக்கிக்கொண்டு போகிறது, வளையமும் சீக்கிரம் தேய்வதில்லை. வாங்குகிறவர்கள் முதல் நாளிலேயே அந்த வளையத்தைக் கழற்றி அளவு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வளையம் நேற்றுத்தான் போட்டேன். செம்பருத்தியின் கீழ்க்கிளையில் மறுபடி ஏதோ வெள்ளையாகத் தெரிகிறது என்று அம்மா முக்காலியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். லென்ஸை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.